சௌகரியம் என்கிற கெட்ட வார்த்தை

பெண்கள் போட்டுக்கொள்கிற தைத்த துணியைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். 'அதற்குத்தான் வாரப் பத்திரிகைகளின் தீபாவளி மலர்கள் இருக்கின்றனவே, நமக்கென்ன?' என்றார். இந்த 'நமக்கென்ன'வில் உள்ள பெருமிதம் எனக்குப் பரிச்சயமானது. நானும் இருபது வருஷங்களுக்கு மேல் அதைச் சுமந்து திரிந்திருக்கிறேன். சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நவீன எழுத்தாளனுக்கு ஒரு தகுதி என்று நமக்குள் ஓர் எழுதப்படாத ஒப்பந்தம் இருக்கிறது. சமையல், குழந்தை வளர்ப்பு, துணிமணி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். நண்பரின் முகச்சுளிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபாஷன் பக்கங்கள் அபத்தமானவைதாம். 'இந்தக் குளிர்காலத்துக்கு ஏற்ற கோட்டுகள்' என்று சென்னையில் அச்சாகிற பத்திரிகை எழுதுகிறது. மார்கழியில் பத்து நாள் அதிகாலையில் மப்ளர் சுற்றிக்கொள்வதைத் தவிர நமக்கு ஏது குளிர்காலம்? லண்டனிலும் நியூயார்க்கிலும் மரங்கள் இலை உதிர்ப்பதை வைத்துப் போட்ட கணக்கு, புழுங்குகிற பூந்தமல்லியில் மொழிபெயர்ப்பாக வந்து இறங்குகிறது. சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

ஆனால் சிரிக்கிற நாம் என்ன செய்கிறோம்? நம் சிறுகதைகளை எடுத்துப் பாருங்கள். ஒரு பெண் கைத்தறிச் சேலை கட்டியிருந்தால் அவள் யோசிக்கிறவள். ஸ்லீவ்லெஸ் போட்டிருந்தால் கதாநாயகன் ஏமாறப்போகிறான். ஜீன்ஸ் போட்டிருந்தால் ஆங்கிலத்தில் பேசி யாரையாவது காயப்படுத்துவாள். சாயம் போன சேலை என்றால் ஏழை, நல்லவள், கடைசிப் பாராவில் அழுவாள். உடை நமக்கு ஒரு சமிக்ஞை. அந்தத் துணிக்குள் ஓர் உடம்பு இருக்கிறது, அதற்கு வியர்க்கிறது, கை தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது என்பது நம் உரைநடைக்குள் வந்ததே இல்லை என்று சொல்லலாம். ஃபாஷன் பக்கத்துக்காரன், 'பெண்கள் இப்படியா உடுத்துவது' என்று பதறுகிற கலாசாரக் காவலன், இருவரையும் பார்த்துச் சிரிக்கிற நவீன எழுத்தாளன் ஆகிய மூவரும் ஒரே இடத்தில் நின்றுதான் பார்க்கிறார்கள்: துணிக்கு வெளியே. ஒருவனுக்கு அழகு, ஒருவனுக்கு அடக்கம், ஒருவனுக்குப் படிமம். போட்டுக்கொள்கிறவளுக்கு அது சௌகரியமாக இருக்கிறதா என்கிற கேள்வி மூவருக்கும் சில்லறையானது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சென்னீர்குப்பத்தில் எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். ஏற்றுமதிக்கு ஷூ தைக்கிற கம்பெனி ஒன்றில் பல வருஷமாக வேலை. அவரை மனத்தில் வைத்து ஒரு கவிதை எழுதியிருந்தேன். ஒரு பெண் விடியற்காலையில் ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்துபோகிறாள், அவளுடைய சுவடுகளில் நீர் நிறைகிறது என்கிற மாதிரி. பத்திரிகையில் வந்தது, இரண்டு நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். கல்லூரியில் படிக்கிற அவருடைய பெண் வாங்கிக்கொண்டு போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் தெருக்குழாயடியில் அவர் சொன்னார்: 'நல்லாத்தான் இருக்குது சார். ஆனா வெறுங்கால்ல நடந்தா உங்களுக்கு அழகு, எனக்குப் பித்தவெடிப்பு.' குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது திரும்பி, 'அந்தப் பொண்ணுக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுத்துட்டு எழுதியிருக்கலாம்ல?' என்றார்.

என் கவிதையைப் பற்றி எந்த விமர்சகரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

இந்தக் கோளாறு என்னிடம் தொடங்கியது அல்ல. நம் மரபில் செருப்பு யார் காலில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சங்கப் பாட்டில் 'தொடுதோல்' வேடனுக்கும் வழி நடக்கிற ஆணுக்கும் உரியது. ராமனின் பாதுகை 14 வருஷம் அரியணையில் இருந்து ராஜ்யபாரம் பண்ணியது. அவன் பின்னால் அதே காட்டில் அதே 14 வருஷத்தில் நடந்த சீதையின் காலில் என்ன இருந்தது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை. கண்ணப்பனின் செருப்புக் கால் சிவன்மேலேயே பட்டது, அது பக்தியாயிற்று. பெண்ணின் காலுக்குத் தமிழ் கொடுத்தது சிலம்பு, கொலுசு, மெட்டி, மருதாணி. எல்லாம் மேலிருந்து பார்க்கிறவனுக்கு; அடியில் மிதிபடுகிற தோலுக்கு ஒன்றுமில்லை. ஒரு பெண்ணின் காலணியையே தலைப்பாகக் கொண்ட காப்பியம் நம்முடையது; அதுவும் அணிதான், காப்பு அல்ல. இளங்கோவடிகள் இதை உணராதவர் இல்லை. பருக்கைக் கல் வழியைக் கடக்க இந்த மெல்லிய கால்கள் என்ன பாடுபட்டனவோ என்று மதுரையில் கோவலனை வருந்த வைக்கிறார். காலம் கடந்த வருத்தம், ஆனாலும் வருத்தம். நம் புதுக்கவிதை அந்த அளவுக்குக்கூட இறங்கி வரவில்லை. வெறுங்காலை மண்ணோடு உறவு என்று கொண்டாடிவிட்டு, ஷூ மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறது.

இப்போது பருவம் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரனின் பருவங்கள் நமக்கு அந்நியம் என்று மேலே நானே சொன்னேன். எங்கள் தெருவில் அது உண்மை அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்தது. அம்பத்தூரிலிருந்து ஆவடி, பூந்தமல்லி, பைபாஸ் வரை துணி ஏற்றுமதிக் கம்பெனிகளும் தோல் கம்பெனிகளும் பரவியிருக்கின்றன. காலையில் கம்பெனி வேன்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. வெளிநாட்டுக் கடைகளில் செப்டம்பரில் தொங்க வேண்டிய குளிர்காலச் சரக்கு கோடையிலேயே கப்பல் ஏற வேண்டும். ஆகவே கத்திரி வெயிலில், மின்விசிறி அனல் காற்றை வாரியிறைக்கிற ஹாலில், உள்துணி வைத்த கோட்டுகள் லைனில் ஓடுகின்றன. ஒருத்திக்குக் காலர், ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பை. கோட்டு முழுசாக யாருக்கும் தெரியாது. பனிக்காலம் எப்போது வருகிறது என்று பனியே பார்த்திராத இந்தப் பெண்களுக்கு ஃபாஷன் பத்திரிகைக்காரனைவிட நன்றாகத் தெரியும். ஓவர்டைம் இருந்தால் அங்கே பருவம் மாறுகிறது. ஆர்டர் இல்லை என்று அனுப்பிவிட்டால் அங்கே ஏதோ ஒரு நிறம் எடுபடவில்லை.

ஃபாஷன் என்பது மேற்கத்தியச் சீரழிவு, இங்கே வந்து தொற்றிய நோய் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய கதையையும் நினைவுபடுத்துகிறேன். 1950களின் இறுதியில் சென்னைக் கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குப் போனது. நம் லுங்கித் துணியின் உறவுதான். துவைத்தால் சாயம் போகும். அங்கே புகார்கள் கிளம்பின. விளம்பரக்காரர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள்: சாயம் கட்டாயம் போகும், அதற்கு உத்தரவாதம், ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் என்றார்கள். குறை குணமாயிற்று, 'மெட்ராஸ்' என்பது அவர்களுடைய கோடைக்கால உடையின் பெயரே ஆகிவிட்டது. அதே துணியை இங்கே கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனால் 'லுங்கி கட்டினவன்' என்று சாதியும் தொழிலும் ஊகிப்பார்கள். ஃபாஷனை எதிர்க்கிறோம் என்று நாம் சொல்லும்போது எதிர்ப்பது எதை? துணியையா, அதற்குப் பேர் வைக்கிற அதிகாரத்தையா? முன்னதைக் கேலி பண்ணுவது சுலபம் என்பதால் அதைச் செய்கிறோம்.

நமக்கு என்று சொந்தமான பருவங்களும் இருக்கின்றன. எங்கள் தெருமுனையில் ஜாக்கெட் தைக்கிற பெண்மணியிடம் கேட்டால் சொல்வார். ஜூனில் பள்ளி யூனிஃபார்ம். ஆடித் தள்ளுபடியில் வாங்கிய துணிகள் ஆவணியில் வரும். தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள் தூக்கம் கிடையாது. தையில் முகூர்த்தம், ஆரி வேலைப்பாடு. பஃப் கை போகும், வரும்; கழுத்து ஒரு வருஷம் முதுகில் இறங்கும், அடுத்த வருஷம் படகுபோல் மேலேறும். 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு நதியா கம்மல், நதியா கொண்டை என்று கடைகளில் கேட்டார்கள் என்பதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவ்வளவு மாறுகிறது, ஒன்று மட்டும் மாறுவதில்லை. தைக்கக் கொடுக்கிறவர்களில் பலர் உடம்பை அளக்க விடுவதில்லை. 'அளவு ஜாக்கெட்' ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பழைய ஜாக்கெட், பழைய உடம்பு. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் கல்யாணத்துக்கு முந்தின தோளின் அளவு. 'கை தூக்க வர்ற மாதிரி கொஞ்சம் விட்டுத் தைக்கக் கூடாதா?' என்று அவரிடம் கேட்டேன். 'விட்டுத் தைச்சா, லூசா இருக்குது, ஃபிட்டிங்கே இல்லன்னு திருப்பிக் கொண்டாந்துடுவாங்க சார்' என்றார்.

இதை நான் என் வாதத்துக்கு விரோதமான சாட்சியமாகவே முன்வைக்கிறேன். பார்க்கிற கண் வெளியே மட்டும் இல்லை, போட்டுக்கொள்கிறவளுக்குள்ளும் குடியேறிவிட்டது. ஆண்கள் திருந்தினால் போதும் என்கிற சுலபமான முடிவுக்கு இடமில்லை.

அப்படியானால் அந்தக் கண்ணுக்குத் தப்பிய உடை ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. நைட்டி. எந்த ஃபாஷன் பக்கமும் அதைப் பாராட்டவில்லை, எந்தக் கலாசாரக் காவலனும் மன்னிக்கவில்லை, எந்தக் கவியும் பாடவில்லை. இரவுக்கென்று வந்த ஆடையை நம் பெண்கள் யாரையும் கேட்காமல் பகலுக்கு இழுத்துக்கொண்டார்கள். பூப்போட்ட பருத்தி, இடுப்பில் கட்டு இல்லை, கழுத்தில் ஜிப், பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தோது, சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு பை, சாவியும் சில்லறையும் போட்டுக்கொள்ள. முந்தானை முடிச்சையும் சுருக்குப்பையையும் விட்டால் தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைத்த முதல் பை அதுதானோ என்னவோ. தெருவுக்கு வர வேண்டுமென்றால் மேலே ஒரு துண்டு. அந்தத் துண்டு கண்ணுக்குக் கட்டுகிற வரி. வரியைக் கட்டிவிட்டு, உள்ளே சுதந்திரமாக இருக்கிறார்கள். வரி கட்டினாலும் விடாத ஊர் உண்டு. ஆந்திரத்தில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளியில் 2018இல் ஊர்ப் பெரியவர்கள் பகலில் நைட்டி போடத் தடை விதித்தார்கள்: போட்டால் 2000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுத்தால் 1000 ரூபாய் பரிசு. ஒரு தளர்ந்த பருத்தித் துணிக்கு இவ்வளவு பயம் என்றால் அதில் ஏதோ சாரம் இருக்கத்தான் வேண்டும்.

சட்டத்தின் கண் இதைவிட நாகரிகமானது, ஆனால் பார்க்கிற இடம் ஒன்றுதான். 2019இல் தமிழகத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வந்தது. பெண்களுக்குச் சேலை, அல்லது சல்வார் கமீஸ், சுடிதார், பின்னிரண்டும் துப்பட்டாவோடு. துப்பட்டா வெயிலுக்கா, குளிருக்கா, வேலைக்கா? அதிலாவது தைத்த உடைக்கு அனுமதி இருந்தது. அந்த அனுமதியின் பின்னால் ரத்தம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிட்டோம். 19ஆம் நூற்றாண்டின் தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடியதற்காக அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள். அரசு 1859இல் இறங்கி வந்தபோதும் என்ன சொன்னது? குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், முரட்டுத் துணியால் மூடிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் மேல்சீலை அணியக் கூடாது. மானம் என்கிற பெயரில் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: மானத்தை மூடினால் போதாது, பார்க்கிறவனுக்குச் சாதி தெரியும்படி மூட வேண்டும் என்பதே அந்தப் பிரகடனத்தின் உள்ளடக்கம். தைத்த ஜாக்கெட் என்கிற இன்றைய சாதாரணப் பொருள் அப்படி ஒரு பேரத்தில் கிடைத்தது.

செருப்பின் கதை இன்னும் முடியவில்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு தெருவில் தலித்துகள் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அறுபது பேர் சேர்ந்து செருப்போடு அந்தத் தெருவில் நடந்து அதை மீறினார்கள். எந்த நூற்றாண்டில் என்று கேட்காதீர்கள், 2023 டிசம்பரில். உலகத்துக்கே பனியன் அனுப்புகிற மாவட்டத்தில். வெறுங்காலை அழகு என்று எழுதிய என்னைப் போன்றவர்கள் அந்தத் தெருவில் யார் பக்கம் நின்றிருந்தோம் என்று யோசித்தால் கூசுகிறது. வெறுங்கால் ஒரு படிமமாகும் முன்பு ஒரு தண்டனையாக இருந்திருக்கிறது. அதை அறியாமல் படிமம் பண்ணுவது கவித்துவம் ஆகாது, கவனமின்மை.

இங்கே முற்போக்கு நண்பர் குறுக்கிடுவார்: 'முதலில் கூலியைப் பேசுங்கள், செருப்பை அப்புறம் பார்க்கலாம்.' கூலியைப் பேசுவோம். தையல் தொழிலுக்கு அரசு 2014இல் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது நூற்றுக்கணக்கான உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் அவர்களுடைய மனுக்களைத் தள்ளியது. அதுவரை இரண்டு வருஷம் அந்தப் பெண்கள் பழைய கணக்கிலேயே தைத்தார்கள். இதெல்லாம் சரி, ஆனால் 'அப்புறம்' என்கிற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 44ஆவது பிரிவு சொன்னது. கடைகளில் நிற்கிற பெண்களுக்கு அந்த நாற்காலி தமிழ்நாட்டில் சட்டமாக வந்தது 2021இல். நடுவில் 73 வருஷம். 'அப்புறம்' என்பதன் நீளம் அவ்வளவு. கூலி வயிற்றுக்கு, நாற்காலி காலுக்கு. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பதைத் தத்துவம் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியிருப்பது வேடிக்கை.

தெருவில் அந்த அம்மா பேசியதைச் சொன்னேன். அவர் வேலை பார்ப்பது செக்கிங்கில். தைத்து வந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிசிறு வெட்டி, உள்ளே விரல் விட்டு, குதிகாலில் உறுத்துமா என்று தடவிப் பார்க்க வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒரு பெண்ணின் குதிகால் உறுத்தாமல் இருக்க வேண்டும் என்பது இவருடைய பொறுப்பு. அதை நாள் முழுக்க நின்றுகொண்டு, தேய்ந்த ஹவாய்ச் செருப்பில் செய்கிறார். அந்த ஷூக்களை வார்ப்பதற்கு 'லாஸ்ட்' என்று ஒரு பிளாஸ்டிக் பாதம் இருக்கிறது. அவருக்கு அத்துபடியான பாதம் அது. ஒல்லியாக, நீளமாக இருக்குமாம். 'நம்ம காலு அதுல நுழையாது சார், முன்னாடி அகலம்' என்றார்.

நான் இதை அவருடைய வேடிக்கைப் பேச்சு என்று எண்ணியிருந்தேன். அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. நம் பாதங்கள் மேல்நாட்டுப் பாதங்களைவிட அகலம் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதிலேயே உச்சத்தைத் தொடுகிறது என்பது இன்னொன்று. அதன் அடிப்படையில் 'பா' என்று புதிய அளவு முறையைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். அதற்கு முன்பு நாம் பயன்படுத்தி வந்தது வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவுகள். ஒடுங்கிய செருப்பில் அகலமான பாதத்தைத் திணித்துக்கொண்டு, கடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, 'புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும்' என்று பழமொழியே பண்ணிவிட்டோம். செருப்பு பிழை, கால் பிழை இல்லை என்று சொல்ல விஞ்ஞானிகள் வர வேண்டியிருந்தது. செக்கிங்கில் நிற்கிற பெண்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

எனக்கு இந்த அளத்தல் ஒரு விமர்சனச் செயலாகவே படுகிறது. விமர்சனம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? இரவல் அளவுகோல்களை விட்டு, எதிரே இருப்பதை அதன் சொந்த அளவில் பார்ப்பதைத்தானே? இலக்கியத்தில் இதைப் பல வருஷமாகப் போதித்து வருகிறோம். எலியட்டின் கோட்டைத் தமிழ்க் கவிதைக்கு மாட்டாதே என்று சண்டை போட்டிருக்கிறோம். பெண்ணின் உடம்பு என்று வரும்போது மட்டும் பழைய அளவு ஜாக்கெட்டை நீட்டுகிறோம்.

சௌகரியம் என்கிற சொல்லின்மேல் நமக்குள்ள இளக்காரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'சௌகரியமான எழுத்து' என்றால் திட்டு. 'சௌகரியமான வாழ்க்கை' என்றால் சமரசம். நமக்கு அவஸ்தைதான் உயர்ந்தது. ஆனால் இந்த அவஸ்தையின் பெருமையைப் பேசுகிற யாருக்கும் நின்றுகொண்டே எட்டு மணி நேரம் வேலை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் அவஸ்தைப்படுகிறோம். சௌகரியம் தாராளமாகக் கிடைத்தவன் அதைத் துறப்பது தவம். கிடைக்காதவளுக்கு அதைத் துறக்கச் சொல்வது வேறு காரியம், அதற்கு வேறு பெயர் உண்டு.

நண்பருக்குக் கடைசியாக ஒன்று. ஃபாஷன் பக்கத்தை ஒழிக்க நானும் வருகிறேன். ஆனால் ஒழித்த பிறகு அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறீர்கள்? மறுபடியும் ஈர மண்ணில் ஒரு சுவடா? தொகுப்பு போடும்போது அந்தக் கவிதையை நான் சேர்க்கப்போவதில்லை. இதைச் சொன்னபோது அந்த அம்மா, 'அதெல்லாம் எதுக்கு சார், எழுதினது எழுதினதுதான்' என்றார். பிறகு, கம்பெனியில் தள்ளுபடியான ஜோடிகள் எப்போதாவது சகாய விலைக்கு வரும், என் மனைவியின் கால் அளவு என்ன என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷ தாம்பத்யம். வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன்.